ஒரே பேர், ரெண்டு வேலை: ப்ராக்ஸி அலர்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற கதை

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு பேரைப் பத்தி. எச்டிடிபி, அண்டர்ஸ்கோர், ப்ராக்ஸி. எல்லாம் கேப்பிடல் லெட்டர்ல.

குபர்னெட்டிஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின பேர். கன்டெய்னர் ஒரு ப்ராக்ஸி வழியா வெளியே போகணும்னா இந்த என்விரான்மென்ட் வேரியபிளைத்தான் செட் பண்ணுவோம். அதனாலேயே, "அனுமதி இல்லாத ப்ராக்ஸி செட்டிங்"னு அலர்ட் வந்தா, யாரோ டெவலப்பர் போட்டிருப்பாங்கன்னு மூடிடத் தோணும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1993-ல சிஜிஐன்னு ஒரு முறை வந்துச்சு. பிரவுசர் அனுப்புற ஹெடர் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எச்டிடிபி, அண்டர்ஸ்கோர்னு ஒட்டி, என்விரான்மென்ட் வேரியபிளா ப்ரோகிராம்கிட்ட கொடுக்கும் வெப் சர்வர். இன்னொரு பக்கம், வெளியே ரிக்வெஸ்ட் அனுப்புற லைப்ரரிகள் ப்ராக்ஸி முகவரியை நம்ம வேரியபிள்ல தேடிப் பழகிடுச்சு. தனித்தனியா ரெண்டும் சரிதான். ஆனா ஊர் பேர் தெரியாத ஒருத்தர் "ப்ராக்ஸி"ன்னே ஒரு ஹெடர் அனுப்பினா? அவர் சொன்ன முகவரி உங்க சர்வரோட ப்ராக்ஸி ஆகிடும். பாஸ்வேர்டு எதுவும் உடைக்க வேண்டாம்.

2001-லேயே பெர்ல் லைப்ரரியில இதைக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டாங்க. அதே வருஷம் கர்ல்லயும். கர்ல் இன்னிக்கும் இந்த ஒரு வேரியபிளை மட்டும் ஸ்மால் லெட்டர்ல இருந்தாத்தான் மதிக்கும், காரணம் இதுதான். 2012-ல ரூபியில இதை முன்கூட்டியே கவனிச்சுத் தவிர்த்துட்டாங்க. அவங்கவங்க வீட்டு ஓட்டையை அவங்கவங்க அடைச்சாங்க, தெருவுக்கு யாரும் சொல்லலை. 2016 ஜூலை 18-ம் தேதிதான் "எச்டிடிபாக்ஸி"ங்கிற பேரோட விஷயம் ஊருக்கே வெளிச்சமாச்சு. பிஎச்பி, கோ, அப்பாச்சின்னு வரிசையா பேட்ச். 15 வருஷம்! மருந்து என்னமோ ஒரு வரிதான்: அந்த ஹெடரை வாசல்லயே தூக்கிடு. ப்ராக்ஸிங்கிறது ஸ்டாண்டர்டு ஹெடரே இல்லைங்கிறதால எதுவும் உடையாது.

இப்போ கிளஸ்டருக்கு வருவோம். ஹெடர் வழி அடைபட்டாலும், டெப்லாய்மென்ட்டை எடிட் பண்ற உரிமை கிடைச்சவங்க அதே வேரியபிளை நேரா எழுதிடலாம். சர்வீஸ்கள் தங்களுக்குள்ள டிஎல்எஸ் இல்லாம பேசுற கிளஸ்டர்னா, டோக்கன் உட்பட எல்லாத்தையும் நடுவுல இருக்கிறவர் படிக்கலாம்.

அலர்ட் வந்ததும் பாடை டெலீட் பண்றது எனக்குப் பிடிக்காத பழக்கம். டெப்லாய்மென்ட்லயே அந்த வரி இருந்தா புதுப் பாடும் அதோடதான் எழும்பும், தடயம்தான் போகும். நெட்வொர்க் பாலிசி போட்டு அந்தப் பாடோட வெளிப்போக்கை நிறுத்துங்க. ஆடிட் லாக்ல யார், எந்த சர்வீஸ் அக்கவுன்ட்ல இருந்து மாத்தினாங்கன்னு பாருங்க. யாமல் ஃபைல்ல அந்த வரியே இல்லாம பாட்ல மட்டும் இருக்கா? கான்ஃபிக்மேப்பைப் பாருங்க, அப்புறம் மியூட்டேட்டிங் வெப்ஹூக்கைப் பாருங்க; பாட் உருவாகிற நேரத்துல அது சத்தமில்லாம சேர்த்துடும். டெவலப்பர் போட்டதுதான்னு தெரிஞ்சா நிம்மதி. இல்லைன்னா, அந்த வழியா போன டோக்கன் எல்லாத்தையும் அன்னிக்கே மாத்திடுங்க.