கந்தூரி: விரிப்பிலிருந்து உயிலுக்கு

பினாங்கில் கல்யாண விருந்தும் 'கெண்டூரி', இறந்தவருக்காக ஓதிச் சோறிடுவதும் 'கெண்டூரி'. மலாய்க்காரர்களின் பேச்சில் இப்படி ஊறிப்போன சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் கந்தூரி என்பார்கள்.

பாரசீகத்தில் அது, சாப்பிடும்போது தரையில் விரிக்கிற தோல் அல்லது துணியின் பெயர். விரிப்பின் பெயர் அதன்மேல் பரிமாறிய விருந்துக்கு ஆகி, வலிமார் எனப்படும் இறைநேசர்களின் நினைவு விழாவுக்கும் ஆயிற்று. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகைக்கு ஆண்டுதோறும் எடுக்கும் விழா கந்தூரிதான். அந்த ஆண்டகையின் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் எழுந்த தர்கா இன்றும் நிற்கிறது.

சொல் எளிதாகக் கடல் கடந்தது. பொருள்தான் நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது.

தம் பெயரால் ஆண்டுதோறும் கந்தூரி நடக்கவேண்டும், கடை வாடகையிலிருந்து அதற்குச் செலவிடவேண்டும் என்று பினாங்கு வணிகர்கள் உயில் எழுதினார்கள். இஸ்லாமியச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: அடக்கச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வசிய்யத்தாக, அதாவது உயிலாக, எழுதலாம். மீதி ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கணக்குப்படி வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1871இல் பாத்திமா எதிர் லோகன் வழக்கில், பினாங்கு முஸ்லிம் ஒருவரின் உயிலுக்கு எந்தச் சட்டம் என்ற கேள்வி நீதிபதி ஹாக்கெட் முன் வந்தது. ஆங்கிலச் சட்டமே என்றார் அவர். மூன்றில் ஒன்று என்ற வரம்பு அதோடு போயிற்று. மகளுக்கும் மனைவிக்கும் மார்க்கம் உறுதிசெய்த பங்கை உயில் எழுதுபவர் மறுக்கவும் வழி பிறந்தது. ஆனால் அதே ஆங்கிலச் சட்டம், பொது அறத்துக்கு அல்லாமல் சொத்தை என்றென்றைக்கும் முடக்கக்கூடாது என்றும் சொல்லும். கந்தூரியைக் குடும்பத்தாரின் சொந்தச் சடங்காகப் பார்த்த நீதிமன்றங்கள், அதற்கென எழுதிய உயில் வாசகங்களைச் செல்லாதவை என்று தள்ளின.

இது பெரும் பிழையான பார்வை. கந்தூரிச் சோறு வீட்டாரோடு நிற்பதில்லை. ஓதியவர், அண்டை வீட்டார், வாசலில் வந்து நிற்கும் ஏழை என எல்லாருக்கும் அதில் பங்குண்டு. வாரிசைக் காத்த வரம்பும் போய், ஏழைக்கு எழுதிய சோறும் போயிற்று.

பின்னர் 1905இல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கான சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை இஸ்லாமிய முறைப்படி பிரிக்க 1923ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிசெய்தது. இன்று பினாங்கில் வக்ஃபு எனப்படும் அறக்கொடைச் சொத்துகளுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே ஒரே அறங்காவலர்.