தண்டவாளம் போச்சு, காடு வந்துச்சு



ரயில் காரிடார்ல நடக்கப் போறவங்க சில பேர் எங்ககிட்ட கேட்டாங்க: "அங்க நம்ம ஆளுங்க இருந்த தடம் ஏதாச்சும் இருக்கா?" அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932-ல் திறந்தது. அதே வருஷம், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்து ஓரத்துல, ரயில்வேல வேலை பார்த்த நம்ம ஆளுங்க முனீஸ்வரருக்குச் சின்னதா ஒரு கோயில் வச்சாங்க. ராத்திரி பகல்னு பாக்காம உழைச்சவங்க. காவலுக்கு அவரைத்தான் நம்பினாங்க. இன்னிக்கு காமன்வெல்த் டிரைவ்ல இருக்கிற ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலோட ஆரம்பம் அதுதான்.

2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் போச்சு. பிறகு தண்டவாளத்தைக் கழட்டிட்டாங்க. தஞ்சோங் பகார்லேருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர் நிலம். அதைத் துண்டு போடாம பசுமைப் பாதையா விடணும்னு இயற்கைச் சங்கம் 2010-லேயே கேட்டிருந்தது. அதனாலதான் புக்கிட் தீமா காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இன்னிக்கு அது ஒரு வழியா இருக்கு.

ஆனா ஒண்ணு யோசிங்க. இது மனுஷன் கைபடாத காடு இல்லை. பக்கத்துல உள்ள கிளமெண்டி காடு ஒரு காலத்துல ரப்பர் தோட்டம். வழியில நிக்கிற வாழையும் மாமரமும் யாரோ நட்டதுதான். புக்கிட் தீமா ஸ்டேஷனையும் ரெண்டு இரும்புப் பாலத்தையும் பாதுகாத்து வச்சிருக்காங்க. அங்க உழைச்சவங்களோட வீடுகள்ல பலதுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவங்க ஞாபகம் கோயில்லயும் நம்ம பெரியவங்க வாயிலயும்தான் மிச்சம். காடு திரும்பி வரட்டும், சந்தோஷம். அதோட சேர்ந்து அவங்க கதை மறைஞ்சிடக் கூடாது.

அதனால ரெண்டு வேண்டுகோள்:

ஒண்ணு, பழைய சாமி படம், உடைஞ்ச சிலை, பிளாஸ்டிக் பையில பிரசாதம், இதையெல்லாம் அங்க மரத்தடியில வைக்காதீங்க. குரங்கு பையைக் கிழிக்கும், குப்பை காட்டுக்குள்ள போகும். படம், சிலையை என்ன செய்யறதுன்னு தெரியலைன்னா கோயில் ஆபீஸ்ல கேளுங்க. அரசமரத்தைச் சுத்தி வந்து கும்பிடுங்க. அதோட பழம் பறவைகளுக்கு.

ரெண்டு, உங்க தாத்தா, அப்பா ரயில்வேல வேலை பார்த்திருந்தா, பழைய போட்டோவும் கதையும் எங்களுக்கு அனுப்புங்க. பெரியவங்க நம்மகூட இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்குவோம்.

முனீஸ்வரர் துணை 🙏