குழுக்குரலும் தனிக்குரலும்: தேயிலை மலைகளின் இசை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இசைக் குழுவொன்றில் இயங்கிய கலைஞர் அதனை விட்டு நீங்கித் தனியாகப் பாட முற்படுவது நவீன இசை வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் நிகழ்ச்சியாகும். கிறித்தவ ரொக் இசையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் அமெரிக்கரான லாரி நோர்மன், 1968 ஆம் ஆண்டிலே ‘பீப்பிள்’ என்னும் குழுவினின்றும் பிரிந்து, அடுத்த ஆண்டிலே தமது முதலாவது தனி இசைத்தட்டை வெளியிட்டமை இதற்குத் தக்க உதாரணமாகும். இத்தகைய பிரிவுகளைத் தனிமனிதனின் மனச்சாட்சி, நம்பிக்கை, திறமை ஆகியவற்றின் கதையாகவே எழுதுவது வழக்கம். ஆனால், குழுவாக உழைத்துக் குழுவாகப் பாடிய தேயிலைத் தோட்ட மக்களின் இசைக்கு இந்த அளவுகோல் பொருந்துமா என்பதே எமது வினா. எமது அட்டன், நுவரெலியாப் பகுதிகளையும், தேயிலையாலும் தமிழாலும் அவற்றோடு உறவுடைய கேரளத்தின் தேவிகுளம் மலைப்பகுதியையும் ஒப்புநோக்கி இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

மலையகத்தின் இசை அடிப்படையிற் கூட்டிசையே. மாசி மாதத்திற் காமன் நட்டு ஆடப்படும் காமன் கூத்து, ஒரு தோட்டத்து மக்கள் அனைவரையும் ஆடுவோராகவோ பாடுவோராகவோ காண்போராகவோ தன்னுள் ஈர்த்துக்கொள்வது. கூத்திற்கு முழங்கும் தப்பே விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பவும் அடிக்கப்பட்டது. ஆகவே, ஒரே கருவி துரையின் கட்டளைக்கும் மக்களின் மகிழ்ச்சிக்கும் பயன்பட்டது எனலாம். 1854 இல் கோப்பித் தோட்டங்களை நோக்கித் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் வழியாகக் கிறித்தவமும் லயங்களை எட்டியது. கிறித்தவ வழிபாட்டிலும் பாடல் சபையினர் யாவரும் சேர்ந்து பாடுவதாகவே அமைந்தது. கூத்தாயினும் கீர்த்தனையாயினும் பாடியவரின் பெயர் முதன்மை பெறவில்லை.

இக்கூட்டிசையின் நடுவே தனிக்குரலொன்று வரலாற்று முக்கியத்துவத்துடன் எழுந்தது 1930களிலாகும். கோ. நடேசய்யர் 1931 ஆம் ஆண்டு அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டமேடைகளிற் பாடினார். மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளிலே தொழிலாளரின் துயரையும் உரிமையையும் அமைத்துப் பாடிய அவர், 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடற் பிரசுரத்தையும் வெளியிட்டார். பெண்ணொருவர் மேடையேறித் தனித்துப் பாடுவது அன்று எளிதான செயலன்று. எனினும், அத்தனிக்குரல் கூட்டத்தை விட்டு விலகிய குரலாக அமையாது, கூட்டத்தை உருவாக்கிய குரலாக அமைந்தது. அவரது பாடல்கள் அச்சேறியமையினாலேயே இன்று எமது ஆய்வுக்குக் கிடைக்கின்றன என்பதும் இவ்விடத்தில் மனங்கொள்ளத் தக்கது.

இனித் தேவிகுளத்தை நோக்குவோம். 1957 இல் கேரளத்திற் பொதுவுடைமைக் கட்சி மிகக் குறுகிய பெரும்பான்மையுடன் ஆட்சியமைத்தது. தேவிகுளம் தொகுதியில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டமையால் 1958 இல் இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த அத்தொகுதியிலே கட்சிக்காகப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். கட்சி மீண்டும் வென்றது. பின்னர் அவருடைய தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர் ஆகியோரும் இணைந்து இயங்க, அது ‘பாவலர் சகோதரர்’ குழுவெனப் பெயர் பெற்றது. கிறித்தவ மரபுடைய அக்குடும்பத்திலே டானியல் ராசையா என அறியப்பட்ட இளைஞர், குரல் உடையும் வரை பெண்குரற் பாடல்களைப் பாடியும், ஆர்மோனியம் இசைத்தும் ஊரூராகச் சென்று பயின்றார். அவருக்கு முதற் கல்லூரி அக்குழுவே.

1960களின் இறுதியில் ராசையா சினிமா இசையில் வாய்ப்புத் தேடிச் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையையும் கித்தாரையும் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1976 இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் மூலம் இளையராஜா எனப் புகழ் பெற்றார். மூத்தவர் வரதராசனோ 1973 இலேயே மறைந்துவிட்டார். தம்பியின் வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்பிரிவினை முற்போக்காளர் சிலர் மக்கள் மேடையைக் கைவிட்ட செயலாகக் கருதக்கூடும். மக்களுக்காகப் பாடிய குரல் முதலாளிகளின் கலைக்கூடத்திற்குச் சென்றமை இழப்பே என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ளாது தீர்ப்புக் கூறுதல் முறையன்று. முதலாவது, அவர் தனியே செல்லவில்லை; பாஸ்கரும் அமரும் அவருடன் இருந்தனர். 1981 இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தைப் பாஸ்கர் தயாரித்தபோது, நிறுவனத்தின் பெயர் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்றே அமைந்தது. இரண்டாவது, வயல்வெளியிலும் மலைச்சரிவிலும் கேட்ட மெட்டுகள், திரையிசையிற் கீழ்நிலையில் வைத்தெண்ணப்பட்ட நாட்டார் பாடலுக்கு, மையமான இடத்தைப் பெற்றுக் கொடுத்தன. இலங்கை வானொலி வழியாக அவை எமது லயங்களையும் வந்தடைந்தன. மூன்றாவது, நோர்மனைப் போலன்றி இவரது பிரிவில் மத நம்பிக்கை காரணமாக அமையவில்லை. பிற்காலத்திற் சைவ ஈடுபாடு மிக்கவராக விளங்கிய இவர், 2005 இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் இசைவடிவமாக்கியபோது, அம்முயற்சிக்குத் துணைநின்றவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பார் அவர்களே.

ராசையா குழுவை விட்டு நீங்கிய அதே காலப்பகுதியில் எமது மலையகத்தில் நிகழ்ந்த பிரிவுகளை இத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதெனவும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி ஒத்திவைக்கப்பட்டது. 1967 இல் அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது. அதன்பின் தோட்டந்தோறும் குடும்பங்கள் பிரிந்து, புகையிரதத்தில் தலைமன்னார் சென்று கப்பலேறின. ரதியாக ஆடியவர் ஒரு கரைக்கும் தப்படித்தவர் மறுகரைக்கும் உரியவராயினர். அக்குழுக்களைக் கலைத்தது எந்தக் கலைஞனின் ஆசையுமன்று. இரு அரசுகளின் கையொப்பமேயாகும். சென்னைக்குச் சென்ற ராசையா தாமே விரும்பிச் சென்றார். எமது தப்புக்காரருக்கு விருப்பம் கேட்கப்பட்டதெனினும், பறிக்கப்பட்ட குடியுரிமைக்கும் அறியாத ஊருக்கும் இடையில் அமைந்த அந்த விருப்பத்தை விருப்பமென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

எனவே, குழுவைப் பிரிந்து தனிக்குரலாதல் தன்னளவில் துரோகமுமன்று, விடுதலையுமன்று. தனிக்குரல் எங்கு சென்றது என்பதைவிட, அதனை வளர்த்த குழுவிற்கு என்ன நேர்ந்தது என்பதே வரலாற்று மாணவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியாகும். மீனாட்சியம்மையின் பாடல்கள் அச்சில் நின்றன. ராசையாவின் இசை இசைத்தட்டில் நின்றது. பாவலரின் பெயரைத் தம்பியர் காத்தனர். எமது காமன் கூத்து வாத்தியார்களின் பெயர்களைக் காப்பவர் யாவர்? தோட்டத்திலும், கடல் கடந்து நீலகிரியில் குடியேறியோர் மத்தியிலும் அப்பாடல்களை அறிந்த முதியோர் மறைவதற்கு முன்னரே, அவற்றைப் பாடியவர் பெயருடன் பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளுமாயின், கலைக்கப்பட்ட அக்குழுக்கள் வரலாற்றிலேனும் மீண்டும் ஒன்றுகூடும்.