கதைக்கு ஒரு கைவிளக்கு



தோட்டத்துக் கோயிலில் திருவிழா. இரவு கூத்து நடக்கிறது. அரவான் களப்பலிக்குத் தயாராகி நிற்கும் கட்டம். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் தன் தாத்தாவைக் கேட்கிறான்: "அரவான் யாரு பிள்ளை, தாத்தா?"

"அர்ச்சுனன் பிள்ளைடா."

"அம்மா யாரு?"

"அல்லி" என்கிறார் தாத்தா. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி, "அல்லி இல்லே, நாகக்கன்னி" என்கிறார். பின்னாலிருந்து ஒருவர், "அல்லி பிள்ளை புலந்திரன் அல்லவா?" என்று குறுக்கிடுகிறார். கூத்து முடியும், ஆனால் வழக்கு முடியாது. மறுநாள் காலை பிரட்டுக்களத்திலும் அது தொடரும்.

செமிலிங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட காட்சி புதிதன்று. கடல் கடந்து வந்த நம் முன்னோர் ஒரு சிறு பெட்டியோடு வந்தார்கள். ஆனால் நெஞ்சிலே பாரதத்தையும் இராமாயணத்தையும், அல்லி அரசாணி மாலையையும், பவளக்கொடியையும் சுமந்து வந்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகம் போட்டுப் படிக்க, லயத்தில் உள்ளவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். கதை அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் ஐயம் எழுந்தால் எங்கே போய்ப் பார்ப்பது? யாரிடம் தீர்ப்புக் கேட்பது?

பெரிய கதை ஒன்று மக்களிடையே பரவியதும், அதற்குத் துணைநூல் ஒன்று தேவைப்படுகிறது. யார் யாருக்கு மகன், எந்த ஊர் எங்கே இருக்கிறது, ஒரே பெயரில் எத்தனை பேர் என்று எடுத்துச் சொல்லும் நூல் அது. இருட்டிலே கதைக்குள் நடப்பவனுக்கு அது ஒரு கைவிளக்கு. இத்தகைய நூல்களை யார் தொகுத்தார்கள், எத்தனை பாடுபட்டார்கள் என்பதைத்தான் இன்று காணவிருக்கிறோம்.

நம் மொழியில் இந்த முயற்சி பழமையானது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். தெய்வங்களின் பெயர்கள் ஒரு தொகுதி, மக்களின் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்குகள் ஒரு தொகுதி என்று அவை வகைப்படுத்தப்பட்டிருந்தன. எல்லாம் செய்யுள்கள். நூல் முழுவதையும் நினைவில் வைத்திருந்தால்தான் வேண்டியதைத் தேடி எடுக்க முடியும்.

வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். அவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். ஆனால் இதன் விளைவு பெரிது. மனப்பாடம் செய்யாத ஒருவனும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால், வேண்டிய சொல்லைத் தானே தேடிக்கொள்ளலாம். புலவர்களின் நெஞ்சில் பூட்டியிருந்த அறையைத் திறந்த சாவி அகர வரிசைதான்.

இந்த முறையிலே புராண, இலக்கியப் பெயர்களைத் தொகுக்கும் பணி யாழ்ப்பாணத்தில் சிறப்பாக நடந்தது. மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-ஆம் ஆண்டில் 'அபிதான கோசம்' என்னும் நூலை வெளியிட்டார். அபிதானம் என்றால் பெயர். கோசம் என்றால் களஞ்சியம். பெயர்களின் களஞ்சியம் என்பது பொருள்.

அதே காலத்தில் சென்னையில் மற்றொருவர் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஆ. சிங்காரவேலு முதலியார். 1855-இல் பிறந்தவர், பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். பெருஞ்செல்வர் அல்லர். பின்னால் ஒரு நிறுவனமோ, உதவிக்கு ஆட்களோ இல்லை. 1890-ஆம் ஆண்டளவில் அவர் பெயர்களைத் தொகுக்கத் தொடங்கினார். அந்நூல் அச்சாகி வெளிவந்த ஆண்டு 1910. இடையிலே கழிந்தவை இருபது ஆண்டுகள்! தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை, நூல் வரும்போது இருபது வயது இளைஞனாகியிருக்கும்.

இவ்வளவு பெரிய நூலை அச்சிடப் பணம் வேண்டுமல்லவா? பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் துணைக்கு வந்தார். மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவரே. அச்சங்கத்தின் வழியாக 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1911-இல், தேவர் காலமானார். ஓராண்டு தாழ்ந்திருந்தால் அந்தக் கையெழுத்துக் கட்டுகளின் கதி என்னவாகியிருக்குமோ, யார் அறிவார்?

முதற் பதிப்பே ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. முதலியார் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. விட்டுப்போனவற்றைச் சேர்த்தார், நூலை மேலும் விரித்தார். அந்த வேலை முடியுமுன்பே 1931-இல் மறைந்தார். அவருடைய மகன் எஞ்சிய பணியை நிறைவு செய்ய, 1600 பக்கங்களுக்கு மேற்பட்ட இரண்டாம் பதிப்பு 1934-இல் வெளிவந்தது. தந்தை நட்ட மரத்துக்கு மகன் நீர் ஊற்றினான்.

அந்த நூலின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இராமன் என்றதும் நமக்குக் கோதண்டராமன் நினைவுக்கு வருகிறான். ஆனால் மழுவேந்திய பரசுராமனும் இராமனே. கலப்பையேந்திய பலராமனும் இராமனே. சீதையின் தந்தை ஜனகன். ஆனால் மிதிலையை ஆண்ட வேறு அரசர்களுக்கும் ஜனகன் என்ற பெயர் உண்டு. கதை கேட்பவர் இவர்களைக் குழப்பிக்கொள்வது இயல்பு. தொகுப்பாசிரியர் ஒரே பெயருடையவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுப் பிரித்து வைக்கிறார்.

நம் தாத்தா பாட்டி வழக்குக்கு வருவோம். வியாச பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாகக்கன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். சித்திராங்கதைக்குப் பிறந்தவன் பப்புருவாகனன். அல்லி என்ற பெயர் வியாசரிடம் இல்லை. அவள் தமிழ் மக்கள் தங்கள் கதையிலே படைத்துக்கொண்ட மதுரை அரசி. அவள் மகன் புலந்திரன். வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். களப்பலிச் செய்தியோ தமிழ்ப் பாரதங்களில் வருவது. ஆகவே பாட்டி சொன்னதும் சரி. பின்னாலிருந்தவர் சொன்னதும் சரி. தாத்தாதான் சற்றுத் தடுமாறிவிட்டார்! ஒருவர் சொல்வது பொய், மற்றவர் சொல்வது மெய் என்று நாம் சண்டையிட வேண்டியதில்லை. எந்தச் செய்தி எந்த நூலில், எந்த மக்களிடம் வழங்குகிறது என்று குறித்து வைத்தாலே வழக்குத் தீர்ந்துவிடுகிறது. துணைநூல் கற்றுத் தரும் முதற்பாடம் இதுவே.

மற்ற நாடுகளிலும் இப்பணியில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த சோரென்சென் என்ற அறிஞர் மகாபாரதத்தில் வரும் பெயர்களுக்கெல்லாம் அகராதி தொகுத்தார். 1902-இல் அவர் இறந்துவிட்டார். நூல் 1904 முதல் 1925 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தம் நூலை அச்சில் காணாமலே கண் மூடினார் அவர். கேரளத்து வெட்டம் மாணி மலையாளத்தில் தொகுத்த புராணக் களஞ்சியம் 1964-இல் வெளியாகி, 1975-இல் ஆங்கிலத்திலும் வந்தது.

பழங்கதைகளுக்கு மட்டுந்தானா இது? இல்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக ஒரு மாயக்கதையை வெளியிட்டார். அதில் அவரே ஓர் உலகத்தைப் படைத்து, மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பெயரிட்டிருந்தார். ராபர்ட் ஃபாஸ்டர் என்ற வாசகர் அப்பெயர்களையெல்லாம் அகர வரிசையில் தொகுத்து 1971-இல் வழிகாட்டி நூலாக்கினார். ஹாரி பாட்டர் கதைகளுக்கும் ஒருவர் இவ்வாறு தொகுத்தார். அவ்விவகாரம் நியூயார்க் நீதிமன்றம் வரை சென்றது. 2008-இல் தீர்ப்பு வந்தது. ஒரு கதைக்குத் துணைநூல் எழுதுவது குற்றமன்று. ஆனால் கதாசிரியரின் சொற்களை அளவுக்கு மீறி அப்படியே எடுத்தாள்வது தகாது என்பது அதன் சாரம். தொகுத்தவர் நூலைத் திருத்தி அமைத்து 2009-இல் வெளியிட்டார். தொகுப்பவன் தன் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

நேயர்களே, 'இதெல்லாம் படித்தவர்கள் காரியம், நமக்கென்ன?' என்று சிலர் எண்ணலாம். பட்டியல் என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்குச் சான்று நம் காலடியிலேயே இருக்கிறது.

ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக், செமிலிங் வட்டாரத்தில், பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் புதைந்து கிடக்கின்றன. இராஜேந்திர சோழனின் கல்வெட்டுச் சொல்லும் கடாரம் இந்தப் பகுதியே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் 1930-களில் இங்கே அகழ்ந்து, கண்ட இடங்களுக்கெல்லாம் எண்ணிட்டு, அந்த விவரத்தை 1940-இல் வெளியிட்டார்கள். 2013-ஆம் ஆண்டில், சுங்கை பத்துப் பகுதியில் இருந்த பதினோராம் எண் கோயிலின் அடித்தளம், வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. நாடெங்கும் வருத்தம் எழுந்தது. போனது எது, எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று நம்மால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்த எண்ணும் அந்தக் குறிப்புந்தான். எழுதி வைக்கப்படாத ஒன்று அழிந்திருந்தால், அழிந்தது என்றுகூட நமக்குத் தெரிந்திராது.

நம் தோட்டங்களின் நிலை என்ன? பால்மரம் போய்ப் பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறி வாழ்கின்றன. காமன் கூத்தைப் பழக்கிய வாத்தியார் எங்கே? ஒப்பாரி சொல்லிய கிழவி எங்கே? கூத்தில் நம் ஊருக்கென்று சேர்ந்திருந்த கோமாளிப் பேச்சு எங்கே? தோட்டத்துக்கு மக்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயர் என்ன? அபிதான சிந்தாமணி இவற்றைச் சொல்லாது. அது 1934-இல் முடிந்த நூல். நம் கதைக்கு நாமே துணைநூல் எழுதினால்தான் உண்டு.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அகர வரிசையில் பக்கங்களை ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள பெரியவரிடம் கதை கேட்டு, வரும் பெயர்களை எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தோட்டத்தில் கேட்டது, எந்த ஆண்டு என்பதைக் கீழே குறியுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்; ஒன்றை அடிக்காதீர்கள். பிள்ளை எழுதட்டும், பாட்டி சொல்லட்டும். பெரியவர்களின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தாலும் நன்றே. ஆனால் அதையும் தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு நோட்டு இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து வீட்டு நோட்டுகள் சேர்ந்தால் அது ஒரு தோட்டத்தின் களஞ்சியம்.

சிங்காரவேலு முதலியாரும் முதல் நாள் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருப்பார். கேட்டதற்குப் பதில் சொல்ல நம் வீட்டில் இன்று தாத்தா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். என்றைக்கும் இருப்பார்களா? இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அவர்கள் அருகே நோட்டும் பென்சிலுமாக உட்காருங்கள். "அரவான் யாரு பிள்ளை?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.