கார்த் திறப்பும் ஒரு நானோ விநாடியும்

நம்மவர் வீடுகள் பலவற்றில் கார்த் திறப்பு வாசற்கதவுக்கு அருகிலேயே தொங்கும். கையில் எடுக்காமலே கதவைத் திறக்கும் இத்தகைய திறப்புகளைத் திருடர்கள் இருவராக வந்து ஏமாற்றுகிறார்கள். ஒருவர் காரருகே நின்று அது விடுக்கும் அழைப்பைப் பிடித்து, வாசலில் நிற்பவரின் கருவிக்கு அனுப்புகிறார். அது வீட்டினுள் இருக்கும் திறப்பை அடைகிறது. திறப்பின் பதிலை நம்பிக் கார் திறந்துவிடுகிறது. பதில் சரியா என்று பார்க்கும் கார், அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

அந்தத் தூரத்தை அளக்க உதவுவதுதான் 'அல்ட்ரா வைட்பேண்ட்' எனப்படும் குறுந்தூர வானொலி. வழமையான வானொலி ஒடுக்கமான அலைவரிசையில் இயங்கும். இதுவோ 500 மெகாஹேர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட அகலத்தில், சில நானோ விநாடிகள்கூட நீடிக்காத துடிப்புகளை அனுப்புகிறது. வானொலி அலை ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் செல்லும். துடிப்பு போய்வர எடுத்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். சமிக்ஞையை இடையில் பிடித்து அனுப்பினால் நேரம் கூடும், கார் திறக்காது. துடிப்பு மிகக் குறுகியதால், நேரே வந்ததையும் சுவரில் பட்டுத் தெறித்ததையும் பிரித்தறியவும் முடிகிறது.

மார்க்கோனி காலத்துத் தீப்பொறி ஒலிபரப்பிகளும் அகன்ற பட்டையில் பரவியவைதான். 1990களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் ஷோல்ட்ஸ், மோ வின் ஆகியோர் துடிப்பு வானொலிக் கோட்பாட்டை வளர்த்தனர். 2002 பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 3.1 முதல் 10.6 கிகாஹேர்ட்ஸ் வரை அனுமதி வழங்கியது. ஏனைய சேவைகளைக் குழப்பாதிருக்க, முழுப் பட்டைக்கும் சேர்த்து ஏறத்தாழ அரை மில்லிவாட் வலுவே அனுமதிக்கப்பட்டது.

அன்று எதிர்பார்க்கப்பட்டது கம்பியில்லா அதிவேகத் தரவுப் பரிமாற்றம். நிறுவனங்கள் இரு அணிகளாகப் பிரிந்ததால், அதற்கான தரநிலைக் குழு 2006இல் கலைக்கப்பட்டது. தூரம் அளக்கும் ஆய்வு தொடர்ந்தது. அதற்கான தரநிலை 2007இல் வந்தது. 2019இல் ஐபோன் 11இல் இதற்கான சில்லு இடம்பிடித்தது. 2020இல் வந்த திருத்தம், போலித் துடிப்புகளைத் தடுக்க மறைகுறியாக்கப்பட்ட துடிப்பு வரிசையைச் சேர்த்தது.

இதுவும் முற்றான காவல் அல்ல. 2022இல் சூரிச் இ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு, சந்தையில் உள்ள சில்லுகளிலேயே 12 மீற்றர் தூரத்தைச் சுழியமாகக் காட்டவைத்தது. நூற்றில் 4 முயற்சிகள் வரை பலித்தன. ஆகவே ஆய்வு இன்னும் தொடர்கிறது.

நாம் அடுத்த கார் வாங்கும்போது, திறப்பு தூரத்தை அளக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்போம். பழைய திறப்பை வைத்திருப்போர் அதை வாசலிலிருந்து அகற்றி, சமிக்ஞையைத் தடுக்கும் உறையில் வைப்பதே இன்றைக்குச் செய்யக்கூடிய எளிய காவல்.