கடல்மேல் கூடாரம்

கனடாவின் பாஃபின் தீவில் பாண்ட் இன்லெட் என்றொரு ஊர். சூரியன் மறையாத மே, ஜூன் நாட்களில், நார்வால் திமிங்கிலங்களையும் பனிக்கரடிகளையும் பார்க்க வருபவர்களை இனுயிட் வழிகாட்டிகள் உறைந்த கடலின்மேல் கூட்டிப்போகிறார்கள். பனி முடிந்து நீர் தொடங்கும் விளிம்புக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரம். காலடியில் தரை கிடையாது, கடல்தான். விளிம்பு எப்போது வேண்டுமானாலும் உடைந்து மிதந்து போகலாம்.

ஏறிப்போகும் சறுக்குவண்டியின் பெயர் கமுட்டிக். குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மேடுபள்ளத்தில் வளைந்துகொடுக்கும், விறைப்பா இருந்தா உடைஞ்சிரும்.

இந்த அறிவை ஓர் அரசு எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு 1953 சாட்சி. கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கனடா அரசு சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கப்பலில் கொண்டுபோய் இறக்கியது. மாதக்கணக்கில் இருள் நீடிக்கும் நிலம் அவர்களுக்குப் புதுசு. பழக்கிக்கொடுக்க பாண்ட் இன்லெட் குடும்பங்கள் சிலவற்றையும் சேர்த்தே அனுப்பினார்கள். பனி தெரிந்தவர் எந்தப் பனியிலும் பிழைத்துக்கொள்வார் என்ற கணக்கு. மன்னிப்புக் கேட்க 57 வருடம் ஆனது, 2010-இல்.

ஆனால் பனியறிவு இந்த நீரோட்டம், இந்தக் காற்று, இந்த விரிசல் என்று இடத்தோடு ஒட்டியது. இன்று பயணி கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்குவது, அந்த இடத்திலேயே தலைமுறைகளாக இருந்தவர்களை நம்பித்தான்.