கஞ்சித்தொட்டியும் அபினியும்

ராயபுரத்துப் பழைய மனிதர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தால் ஊர் பஞ்சத்தில் வாடியபோது, 1782-ல் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அந்தத் தர்மத்தை ஒட்டியே வைத்தியமும் அங்கே வளர்ந்தது. பசிப் பஞ்சத்தைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் நம் நாட்டில் ஒரு மருந்துப் பஞ்சமும் வந்தது. விளைச்சல் பொய்த்து வந்த பஞ்சமல்ல அது. களஞ்சியம் நிறைந்திருந்தபோதே வந்த பஞ்சம். நான் சொல்வது அபினியைப் பற்றி.

அபினியும் கஞ்சாவும் நமக்குப் புதியவை அல்ல. சித்த வைத்தியர்கள் இரண்டையும் சுத்தி செய்து மருந்தில் சேர்த்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் ஓஷாகனஸி என்ற ஐரிஷ் டாக்டர், கஞ்சாவை வாத நோவுக்கும் தசை இசிவுக்கும் கொடுத்துப் பார்த்து 1839-ல் கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவர்தான். அவர் மூலமாகச் சீமை வைத்தியர்கள் கஞ்சாவின் குணத்தை அறிந்தார்கள். ஆனால் அதன் சத்து தண்ணீரில் கரையாது. ஊசியில் ஏற்ற முடியாது. ஒரு புட்டியின் வீரியம் மறு புட்டியில் இருக்காது. அபினியின் கதை வேறு. ஜெர்மனியில் ஸெர்ட்யூர்னர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதிலிருந்து மார்பினைப் பிரித்துவிட்டார். 1850-களில் ஊசியும் வந்தது. மார்பின் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. கஞ்சாவோ 1932-ல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தே நீங்கியது.

வெள்ளைக்கார சர்க்காருக்கு அபினி மருந்து மட்டுமல்ல, நல்ல வருமானமும் கூட. காஜிப்பூரில் பதப்படுத்தி, கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனாவுக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். மீதியை நம் ஜனங்களுக்கு லைசென்ஸ் கடைகளில் விற்றார்கள். பம்பாயில் மில் வேலைக்குப் போன தாய்மார்கள், குழந்தைக்கு அபினிக் குளிகை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். இதை நிறுத்தலாமா என்று ஆராய 1893-ல் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. மருந்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று 1895-ல் அது முடிவு சொன்னது. கஜானாவைப் பற்றிய கவலையும் அந்த முடிவில் கலந்திருந்தது.

சுதந்திர இந்தியா இந்தப் பாவத்தைக் கழுவ நினைத்தது, நியாயமான நினைப்பு. பத்து வருஷத்தில் அபினி உண்ணும் பழக்கத்தை ஒழிப்பது என்று 1949-ல் தீர்மானித்து, 1959-ல் மருந்துக்கு அல்லாத விற்பனையை நிறுத்தினார்கள். 1961-ல் உலக நாடுகள் செய்துகொண்ட போதைப் பொருள் ஒப்பந்தம், வலியைத் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று முகவுரையிலேயே சொல்கிறது. 1985-ல் நம் பார்லிமெண்ட் கடுமையான சட்டம் கொண்டுவந்தபோது அந்த வாசகம் யார் மனத்திலும் தங்கியதாகத் தெரியவில்லை. பெரிய குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷக் கடுங்காவல். மார்பின் வாங்க ஆஸ்பத்திரிக்கு நாலைந்து லைசென்ஸ், அதுவும் வெவ்வேறு இலாகாக்களிடம். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்றின் தவணை தீர்ந்துவிடும். இந்த வம்பே வேண்டாம் என்று மருந்துக் கிடங்குகள் மார்பினைக் கைவிட்டன.

1996-ல் எங்கள் தெருவில் ஹார்பரில் மூட்டை தூக்கிய ஒருவர் தொண்டைப் புற்றுநோயோடு படுத்திருந்தார். இரண்டு மணங்கு மூட்டையை அனாயாசமாகத் தூக்கிய உடம்பு. நகரின் வேறொரு மூலையிலிருந்த ஆஸ்பத்திரிக்கு அவருடைய மனைவியோடு நான் துணைக்குப் போனேன். "அந்த மாத்திரை நாங்க வைக்கிறதில்லேம்மா" என்றார் மருந்து கொடுப்பவர். திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாள், "பொழைக்க வைக்கச் சொல்லலியேப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கினா போதும்னுதானே கேட்டேன்" என்றாள்.

அவள் அறியாத கணக்கு ஒன்று உண்டு. 1985-ல் வருஷத்துக்குப் பல நூறு கிலோவாக இருந்த நம் நாட்டு மார்பின் உபயோகம், 1997-ல் 18 கிலோவாக இறங்கியது. அந்த வருஷங்களிலும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் லைசென்ஸோடு கசகசாச் செடி பூத்துக்கொண்டுதான் இருந்தது. காஜிப்பூரிலிருந்தும் நீமச்சிலிருந்தும் அபினி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பிற நாட்டார் வலிக்கு நம் மண்ணின் மருந்து கிடைத்தது, ராயபுரத்தானுக்குக் கிடைக்கவில்லை.

பூட்டை அசைத்தவர்கள் டாக்டர்கள். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் அவர் நண்பர்களும் வலி நிவாரண சங்கம் ஒன்றை ஆரம்பித்து, வாயில் போடும் மார்பின் மாத்திரையை ஏழைகளுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. நாலைந்து லைசென்ஸ் என்ற நிலை மாறி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி ஒன்றே போதும் என்றாயிற்று.

அப்படியானால் எல்லா வலிக்கும் அபினிச் சரக்கைத் தாராளமாகக் கொடுத்துவிடலாமா? கூடாது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். கம்பெனிகள் கொழுத்தன; லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் காலமெல்லாம் சுமை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு மார்பின் ஏற்ற மருந்தல்ல. வடசென்னையில் வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றுப் பிடிபடும் வாலிபர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாலிபனைத் தடுக்கிற வேலியும் புற்றுநோயாளியைத் தடுக்கிற வேலியும் ஒன்றாக இருக்கலாகாது. வெள்ளைக்காரன் காலத்துப் பேராசையும் பின்வந்த பயமும் ஒரே தவற்றைச் செய்தன: நோயாளியைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரின் வலியைத் தணிக்க நர்ஸ்கள் வீடு தேடி வருகிறார்கள். கஞ்சித்தொட்டி வாசலில் காத்து நின்ற பரம்பரைக்கு இது பெரிய மாறுதல்தான். அந்த நர்ஸ் கேட்டு அனுப்பும் மருந்து ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறதா என்று விசாரிப்பது இனி நம் வேலை.